எழுத்தும் மடிப்பும்: உயிரணுவின் முப்பரிமாண வரைபடம்

மனிதனின் மரபுத்தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு தொடங்கிய பன்னாட்டுப் பெரும்பணி 2003இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அப்போது விடுபட்டிருந்த இடைவெளிகளில் பெரும்பாலானவை 2022இல் நிரப்பப்பட்டன. ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் கொண்ட அந்நூல் இன்று மனிதனின் கையில் இருக்கிறது. எனினும் ஒரு நூலின் எழுத்துகளை அறிந்திருப்பது வேறு, அதன் பொருளை உணர்வது வேறு என்பதை மொழியிலக்கணம் பயின்றோர் நன்கறிவர். ஒரு சொல்லின் பொருளை அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள் தீர்மானிக்கின்றன. மரபணுவின் செயலையும் அவ்வாறே அதன் அண்டையில் நிற்பவை தீர்மானிக்கின்றன. அந்த அண்டை எது என்பதை எழுத்து வரிசையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடிவதில்லை.

தலசீமியா என்னும் இரத்தச்சோகை நோயை எடுத்துக்கொள்வோம். சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பாகம் பீட்டா குளோபின் ஆகும். அதனைச் செய்யும் மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவில் எழுத்துப்பிழை நேர்ந்தால் நோய் உண்டாகும் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒரு நோயாளியின் 11ஆம் குரோமோசோம் ஒன்றில் பீட்டா குளோபின் மரபணு சிதையாமல் இருந்தது. ஆயினும் அது வாய்திறக்கவில்லை. 50,000 எழுத்துகளுக்கும் அப்பால் இருந்த ஒரு துண்டு மட்டுமே அக்குரோமோசோமில் காணாமற் போயிருந்தது. அத்துண்டு இல்லாததால், முழுமையாக இருந்த மரபணு ஊமையாகிவிட்டது.

அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு துண்டு இம்மரபணுவை எவ்வாறு ஆள்கிறது? இவ்வினாவுக்குரிய விடைதான் இக்கட்டுரையின் பொருள். எழுத்து வரிசையில் தொலைவாக உள்ளவை, இழை மடிந்து சுருண்டிருக்கும் நிலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். அந்த மடிப்பைக் கண்ணால் கண்டு வரைவது மிகக் கடினம். ஆகவே அதனைக் கணக்கின் வழியாக வரைய அறிவியலாளர் முற்பட்டனர். அக்கணக்கு எப்படிச் செய்யப்படுகிறது, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை இனிக் காண்போம்.

மலைச்சாலை கற்பிக்கும் பாடம்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலையேறிப் புதூர்நாட்டுக்குச் செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறும் மலைச்சாலையில், கீழ் வளைவில் நிற்பவரும் மேல் வளைவில் நிற்பவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம். வண்டியில் செல்வோருக்கோ அவ்விரு வளைவுகளுக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. சாலையோரத்து மைல்கற்களை மட்டும் எண்ணுபவருக்கு இந்த அண்மை தெரியவே தெரியாது. ஒற்றையடிப் பாதை அறிந்த மலைவாழ் மக்களுக்குத்தான் அது தெரியும்.

மரபுத்தொகுதியை எழுத்து வரிசையாகப் படிப்பது மைல்கல் எண்ணுவதைப் போன்றது. ஓர் உயிரணுவிலுள்ள 46 குரோமோசோம்களின் டி.என்.ஏ. இழைகளையும் நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவ்வளவும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை எட்டாத குறுக்களவுடைய உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. பொட்டலம் கட்டுவதற்காக மட்டும் இப்படி மடிக்கப்பட்டிருந்தால் அதில் நாம் ஆராய வேண்டியது அதிகமில்லை. ஆனால் மூளை உயிரணுவிலும் ஈரல் உயிரணுவிலும் எழுத்து ஒன்றே. எந்த மரபணு பேசும், எது மௌனமாக இருக்கும் என்பது மட்டுமே வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் மடிப்புக்கும் பங்குண்டு.

சந்திப்புக்குச் சாட்சி

மடிப்பைக் கண்டறிய 2002ஆம் ஆண்டு ஜாப் டெக்கர், நான்சி கிளெக்னர் முதலியோர் ஒரு முறையை வெளியிட்டனர். அதன் நுட்பம் எளிமையானது. உயிரணுவின் மீது ஃபார்மலினைச் செலுத்தினால், அக்கணத்தில் அருகருகே உள்ள இழைத்துண்டுகள் அப்படியே பிணைந்துவிடும். பிறகு இழைகளை நொதியால் வெட்டி, வெட்டிய முனைகளை மீண்டும் ஒட்டவிட்டால், ஒன்றாகப் பிணைந்திருந்த துண்டுகளே பெரும்பாலும் தமக்குள் ஒட்டிக்கொள்ளும். எந்தத் துண்டு எதனோடு ஒட்டியது என்று படித்தால், யார் யாருக்கு அண்டையில் இருந்தார் என்பது வெளிப்படும். அதே 2002இல் இம்முறையை எலியின் குளோபின் மரபணுக்களில் நடத்திப் பார்த்தபோது, தொலைவிலிருந்து ஆளும் அத்துண்டு சிவப்பணுவாகும் உயிரணுக்களில் மரபணுவைத் தொட்டு நிற்பது தெரிந்தது. இவ்விரண்டையும் செயற்கையாகத் தொடச்செய்தால் மரபணு விழித்தெழுகிறது என்பதை 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. முன்சொன்ன நோயாளியின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

தெரிவு செய்த சில துண்டுகளை மட்டும் ஆராய்ந்த அம்முறையை, மரபுத்தொகுதி முழுமைக்கும் ஒரே நேரத்தில் விரித்தது 2009இல் எரெஸ் லீபர்மன் ஐடன், டெக்கர், எரிக் லேண்டர் முதலியோர் வெளியிட்ட 'ஹை-சி' என்னும் முறை. அது கோடிக்கணக்கான சந்திப்புகளைத் திரட்டித் தருகிறது.

இங்கே நம் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு கலை நினைவுக்கு வரும். ஓர் அறிவிப்பாளர் மற்றொருவரிடமிருந்து 'அன்' என்னும் சொல்லால் அறிவிக்கும்போது, இருவரும் ஒரே காலத்தவர், சந்தித்திருக்க இயலும் என்பதே போதுமென்று இமாம் முஸ்லிம் (ரஹ்) கருதினார்கள். ஒருமுறையேனும் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நிபந்தனை என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் எடுத்துரைப்பர். 'லிகா' எனப்படும் சந்திப்பு எவ்வளவு எடையுள்ள சான்று என்பதைப் பற்றி நுணுகி ஆராய்ந்த மரபு அது. ஹை-சி தருவதும் அத்தகைய சந்திப்புச் செய்திதான். இன்ன துண்டும் இன்ன துண்டும் ஏதோ ஓர் உயிரணுவில், ஏதோ ஒரு கணத்தில் அருகில் இருந்தன என்பதே அதன் வாக்குமூலம். அவை எங்கே குடியிருந்தன, எவ்வளவு காலம் சேர்ந்திருந்தன, சேர்ந்ததால் என்ன விளைந்தது என்பவற்றை அது சொல்வதில்லை. அவற்றையெல்லாம் உய்த்துணர வேண்டும். அந்த உய்த்துணர்வுக்கே கணினி வேண்டியதாகிறது.

கணக்கின் படிகள்

கணினிக்கு நாம் இடும் படிமுறையை 'அல்காரிதம்' என்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணிதமேதை அல்குவாரிஸ்மியின் பெயரே இலத்தீனில் திரிந்து இச்சொல்லாயிற்று. குரோமோசோம் வரைபடத்துக்கான படிமுறையை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் கூறலாம்.

முதற்கட்டம், முகவரி காண்பது. ஒட்டிய துண்டுகளின் இரு முனைகளிலும் படித்த எழுத்துகள், மரபுத்தொகுதியில் எந்த இடத்துக்கு உரியவை என்று தேடிக் குறிக்க வேண்டும். பிறகு தொகுதியைச் சமமான கூறுகளாக்கி, எந்தக் கூறு எந்தக் கூறை எத்தனை முறை சந்தித்தது என்று ஒரு பெரிய கட்டத்தில் நிரப்ப வேண்டும். பத்து லட்சம் எழுத்துகளை ஒரு கூறாகக் கொண்டால் ஏறத்தாழ 3,100 கூறுகளும், அவற்றுக்கிடையே 48 லட்சம் இணைகளும் கிடைக்கும். ஆயிரம் எழுத்துகளை ஒரு கூறாகக் கொண்டாலோ கூறுகள் 31 லட்சமாகவும் இணைகள் 4,80,000 கோடியாகவும் பெருகிவிடும். சுஹாஸ் ராவ் முதலியோர் 2014இல் வெளியிட்ட மிக விரிவான வரைபடத்துக்காகத் திரட்டப்பட்ட சந்திப்புகள் 490 கோடி. அப்படியானால் சராசரியாக ஆயிரம் இணைகளுக்கு ஒரு சந்திப்பே பதிவாகியிருக்கிறது. வெற்றிடங்களே மிகுந்த இந்தக் கட்டத்திலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பதில்தான் கணக்கின் திறமை இருக்கிறது.

இரண்டாம் கட்டம், சாட்சிகளின் குறையைச் சரிசெய்வது. சில பகுதிகளில் நொதி எளிதாக வெட்டும், சிலவற்றில் வெட்டாது. சில பகுதிகளின் எழுத்துகள் எளிதாகப் படிக்கப்படும், சில பகுதிகள் ஒரே எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வருவதால் குழப்பும். ஆகவே ஒரு பகுதிக்குச் சந்திப்புகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதால் மட்டும் அது உண்மையிலேயே அதிகம் சந்தித்தது என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு கூறுக்கும் மொத்தச் சந்திப்பு சமமாக இருக்க வேண்டும் எனக் கொண்டு, கட்டத்தின் வரிசைகளையும் பத்திகளையும் மீண்டும் மீண்டும் வகுத்துச் சமன்செய்யும் முறை 2012 முதல் பரவலாக வழங்குகிறது. அதிகம் பேசுபவரின் பேச்சைத் தணித்தும் குறைவாகப் பேசுபவரின் பேச்சை உயர்த்தியும் கேட்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

மூன்றாம் கட்டம், சந்திப்பைத் தொலைவாக மாற்றுவது. அடிக்கடி சந்திப்பவை அருகில் இருக்கும், அரிதாகச் சந்திப்பவை தொலைவில் இருக்கும் என்பது பொதுவிதி. ஆனால் சந்திப்பு பாதியானால் தொலைவு எத்தனை மடங்காகும்? இதற்கு ஓர் அடுக்கு விதியைக் கணிப்பவரே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அடுக்கின் மதிப்பை மாற்றினால் வரைபடத்தின் வடிவமும் மாறும். வண்ணப் படங்களைக் காண்போர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

நான்காம் கட்டம், தொலைவுகளிலிருந்து வடிவம் காண்பது. சென்னை, வேலூர், சேலம், திருச்சி, மதுரை ஆகிய ஊர்களுக்கிடையே உள்ள நேர்த்தொலைவுகளின் அட்டவணை மட்டும் ஒருவரிடம் இருக்கிறது, தமிழ்நாட்டு வரைபடத்தை அவர் கண்டதே இல்லை எனக் கொள்வோம். அளவுகோலும் கவராயமும் கொண்டு அவர் அவ்வூர்களைத் தாளில் சரியாக அமைத்துவிட முடியும். ஆனால் வடக்கு எது என்று அந்த அட்டவணை சொல்லாது. படத்தைக் கண்ணாடியில் கண்டதுபோல் இடவலமாக மாற்றி வரைந்தாலும் தொலைவுகள் எல்லாம் அப்படியே பொருந்தும். குரோமோசோம் வரைபடத்துக்கும் இதே நிலைதான். சந்திப்புச் செய்தி மட்டும் இருந்தால் உண்மை வடிவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் பிரித்தறிய இயலாது.

சென்னை தந்த முன்மாதிரி

அணுக்களுக்கிடையேயான தொலைவுகளிலிருந்து மூலக்கூறின் வடிவத்தை உய்த்துணரும் கலையில் சென்னைக்குச் சிறப்பான இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை முன்வைத்தார். அதற்கான கொலாஜன் மாதிரி சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெறப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலோடு தலைமுறைகளாக உறவுடைய வாசகர்களுக்கு இதில் ஒரு தனி நெருக்கம் தோன்றலாம். பதனிடும்போது தோலில் நிலைநிறுத்தப்படுவது அந்தக் கொலாஜன்தான்.

ராமச்சந்திரனும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகிறது. இரண்டு அணுக்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் நெருங்க முடியாது என்ற ஒரே நிபந்தனையைக் கொண்டு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்று அவர்கள் கணக்கிட்டனர். இயலாதவற்றை நீக்கி, இயலக்கூடியவற்றின் எல்லையைக் காட்டியதே அதன் சிறப்பு. இப்போது குரோமோசோமுக்குக் கணினி செய்வதும் அந்த வழியைச் சேர்ந்த பணியே. எத்தனையோ கோடி மடிப்புகளில், சந்திப்புச் சான்றுகளுக்கு முரண்படாதவற்றை மட்டும் அது தேடி வைக்கிறது.

வரைபடத்தில் கண்டவை

2009ஆம் ஆண்டின் வரைபடம் மரபுத்தொகுதி இரு பெரும் பிரிவுகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டியது. பேசும் மரபணுக்கள் நிறைந்த பகுதிகள் தம்முள் கூடுகின்றன, மௌனமான பகுதிகள் தம்முள் கூடுகின்றன. 2012இல் அதைவிட நுண்ணிய அமைப்பு தெரிந்தது. இழை சில லட்சம் எழுத்துகள் கொண்ட வட்டாரங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு வட்டாரத்துக்குள் இருப்பவை தமக்குள் மிகுதியாகவும் அடுத்த வட்டாரத்தாரோடு குறைவாகவும் சந்திக்கின்றன. 2014ஆம் ஆண்டின் வரைபடம் ஏறத்தாழ 10,000 கண்ணிகளை அடையாளம் காட்டியது. கண்ணி என்பது தொலைவிலுள்ள இரு புள்ளிகள் சேர்ந்து நடுவிலுள்ள இழை வளையமாகத் தொங்குவது.

இக்கண்ணிகள் எப்படி உண்டாகின்றன என்பதற்கு விடையும் முதலில் கணக்கிலிருந்தே வந்தது. கோஹீசின் என்னும் வளைய வடிவப் புரதம் இழையைப் பற்றி, இரு புறமும் உள்ளே இழுத்து இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்குகிறது என்றும், சில குறிப்பிட்ட எல்லைக்கற்களை எட்டியதும் நின்றுவிடுகிறது என்றும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் இரு குழுக்கள் கணினி மாதிரிகளால் காட்டின. கோஹீசினை அகற்றியபோது கண்ணிகள் மறைந்ததை 2017இல் சோதனை உறுதிசெய்தது. கோஹீசின் இழையை இழுப்பதை 2019இல் நுண்ணோக்கியிலேயே கண்டனர். கணக்கில் தோன்றிய ஒரு கருத்து சோதனையின் வழியே கண்கூடாகும் வரை சென்ற பயணத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தரமணியிலிருந்து ஒரு மாற்று வழி

இதுவரை கூறியது சந்திப்புச் சான்றுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து வடிவம் காணும் வழி. அதற்கு எதிர்த்திசையிலிருந்து வரும் வழியும் உண்டு. சந்திப்புச் செய்தியை முதலில் எடுத்துக்கொள்ளாமல், இயற்பியல் விதிகளைக் கொண்டு வடிவத்தைக் கணித்து, பிறகு அதனைச் சோதனையோடு ஒப்பிடுவது அது. சென்னைத் தரமணியில் உள்ள, 1962இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய கௌதம் மேனன், நிர்மலேந்து கனாய், சுரஜித் சென்குப்தா ஆகியோருடன் 2014இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது.

அவர்கள் முன்னின்ற புதிர் இதுதான். 18, 19ஆம் குரோமோசோம்கள் அளவில் பெரிதும் வேறுபடாதவை. ஆயினும் மரபணுக்கள் செறிந்த 19ஆம் குரோமோசோம் உட்கருவின் நடுப்பகுதியிலும், மரபணுக்கள் அருகிய 18ஆம் குரோமோசோம் விளிம்பிலும் இருப்பதை 1999லேயே நுண்ணோக்கி ஆய்வு காட்டியிருந்தது. இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? சென்னை ஆய்வாளர் ஒவ்வொரு குரோமோசோமையும் மணிமாலையாக உருவகித்தனர். ஒரு மணி பத்து லட்சம் எழுத்துகளைக் குறிக்கும். மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளை ஒரு கோளத்துக்குள் அடைத்தனர். மரபணு பேசுமிடத்தில் உயிரணு எரிபொருளைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே அங்கே இழை அதிகமாகத் துடிக்கும் எனக் கொண்டு, மரபணு செறிந்த மணிகளுக்கு மிகுந்த அசைவும் ஏனையவற்றுக்குக் குறைந்த அசைவும் தந்தனர். கணினியில் இவை நெடுநேரம் அசைந்து அமைந்தபோது, மரபணு செறிந்த குரோமோசோம்கள் நடுவிலும் அருகியவை விளிம்பிலும் தாமே ஒதுங்கின. எங்கே போய் நில் என்று எந்த மணிக்கும் கட்டளையிடப்படவில்லை. இந்த மாதிரியை மேலும் விரித்து அதே குழுவினர் அங்கித் அகர்வாலுடன் 2020இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர்.

இவ்வழியின் பயன் குறிப்பிடத்தக்கது. சான்றிலிருந்து வரையப்பட்ட படம் அந்தச் சான்றோடு பொருந்துவதில் வியப்பில்லை. சான்றைப் பாராமல் கணித்த படம் பிறகு சான்றோடு பொருந்தினால், காரணத்தை நெருங்கியிருக்கிறோம் என்னும் நம்பிக்கை வலுப்படுகிறது.

சராசரி என்னும் திரை

இனி இவ்வரைபடங்களின் எல்லையைச் சொல்ல வேண்டும். ஹை-சி சோதனையில் ஒன்றிரண்டு அல்ல, பல லட்சம் உயிரணுக்கள் சேர்த்து ஆராயப்படுகின்றன. கிடைப்பது அவற்றின் சராசரி. ஒரு வாரச்சந்தையில் ஓராண்டு முழுவதும் யார் யார் அருகருகே நின்றனர் என்று எண்ணி ஒரே படமாக வரைந்தால், அந்தப் படத்தில் உள்ளபடி அனைவரும் ஒரே நாளில் நின்றிருக்க மாட்டார்கள். 2013இல் ஒற்றை உயிரணுவை ஆராயும் முறை வந்தபோது, ஒவ்வோர் உயிரணுவிலும் மடிப்பு வேறுவேறாக இருப்பது புலனாயிற்று. மேலும், தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமும் தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் எழுத்தில் பெரிதும் ஒத்திருப்பதால், சந்திப்பு எவருடைய இழையில் நிகழ்ந்தது என்று பிரிப்பதும் எளிதன்று.

கண்ணிகள் நிலையானவையும் அல்ல. எலியின் உயிருள்ள கருவணுக்களில் ஒரு கண்ணியின் இரு முனைகளுக்கும் ஒளிரும் அடையாளமிட்டு 2022இல் கவனித்தபோது, அக்கண்ணி முழுமையாகச் சேர்ந்து நின்ற நேரம் ஏறத்தாழ 3 முதல் 6 விழுக்காடே என்று தெரிந்தது. சேர்ந்தாலும் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் பெரும்பாலும் பிரிந்துவிட்டது. வரைபடத்தில் அழுத்தமான புள்ளியாகத் தெரிவது, உயிரணுவுக்குள் வந்துபோகும் ஒரு சந்திப்பே.

இதனாலேயே நல்ல கணிப்பாளர் இன்று ஒரே வடிவத்தைத் தருவதில்லை. சான்றோடு பொருந்தும் ஆயிரக்கணக்கான வடிவங்களின் தொகுப்பைத் தருகின்றனர். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் தேவராஜன் திருமலை, குவாங் ஷியுடன் 2021இல் வெளியிட்ட முறை அத்தகையது. சராசரிச் சந்திப்புகளிலிருந்து தொடங்கி, அவற்றுக்குப் பொருந்தும் வடிவங்களைத் தேவைக்கு மேற்பட்ட ஊகம் எதையும் புகுத்தாமல் அது திரட்டித் தருகிறது.

அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவும் இத்துறையில் புகுந்துள்ளது. பத்து லட்சம் எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றின் சந்திப்பு வரைபடம் எப்படியிருக்கும் என்று கணித்துச் சொல்லும் 'அகிதா' என்னும் முறை 2020இல் வந்தது. 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட 'ஆல்பாஜீனோம்' சந்திப்புகளோடு மரபணுவின் வேறு பல செயல்களையும் சேர்த்துக் கணிக்கிறது. ஓர் எழுத்து மாறினால் மடிப்பு மாறுமா என்று சோதனைக்கூடத்துக்குச் செல்லும் முன்பே வினவ இவை உதவும். ஆயினும் எந்த உயிரணுக்களின் வரைபடங்களைக் கொண்டு இவை பயிற்றப்பட்டனவோ அவற்றின் வரம்பு இவற்றுக்கும் உண்டு.

நோயாளிக்கு என்ன பயன்?

இவையெல்லாம் அறிஞர்களின் ஆராய்ச்சி ஆர்வத்தோடு முடிந்துவிடுவன அல்ல. 2015இல் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆய்வாளர், பிறவியிலேயே கைவிரல்கள் குறைபட்டோ மிகுந்தோ இருந்த சில குடும்பத்தாரை ஆராய்ந்தனர். அவர்களிடம் இரு வட்டாரங்களுக்கு இடைப்பட்ட எல்லை நீங்கியோ இடம்மாறியோ இருந்தது. அதனால் ஒரு மரபணுவை இயக்க வேண்டிய ஊக்கித் துண்டு அண்டை வட்டாரத்து மரபணுவை இயக்கிவிட்டது. எலிகளில் அதே மாற்றத்தைச் செய்தபோது அதே குறைபாடு தோன்றியது. மரபணுக்களின் எழுத்தை மட்டும் படித்து, பிழையில்லை என்று தரும் அறிக்கை சில குடும்பங்களுக்கு இறுதி விடையாகாது என்பதை இது உணர்த்துகிறது.

மலையை உவமையாக எடுத்துக்கொண்ட நாம் மலைவாழ் மக்களை மறந்துவிடலாகாது. இந்தியாவில் அரிவாளணுச் சோகை முதன்முதலாக அறியப்பட்டது 1952இல், நீலகிரி மலைவாழ் மக்களிடையே. பழங்குடியினரை அதிகம் வாட்டும் அந்நோயை 2047க்குள் ஒழிக்க வேண்டும் என்னும் இலக்கோடு 2023 ஜூலை முதல் நாள் ஒன்றிய அரசு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. அதே 2023 இறுதியில், மரபணுத் திருத்தச் சிகிச்சை ஒன்று அரிவாளணு நோய்க்கும் பீட்டா தலசீமியாவுக்கும் பிரிட்டனிலும், அரிவாளணு நோய்க்கு அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அச்சிகிச்சை குளோபின் மரபணுவைத் தொடுவதே இல்லை. கருவில் இருந்த ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுவின் ஊக்கித் துண்டையே அது வெட்டுகிறது. அத்துண்டு அம்மரபணுவின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 58,000 எழுத்துகள் தள்ளியிருக்கிறது. அது சிதைந்தால் அடக்குமுறை தளர்ந்து, கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து நோயின் கடுமை தணிகிறது. தொலைவிலிருந்து ஆளும் துண்டுகளைப் பற்றிய அறிவு இவ்வாறு மருந்தாகவே மாறியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அதன் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். எந்த மலைச்சிற்றூரின் குடும்பத்துக்கும் அது எட்டாத தொகை.

விலையைப் போன்றே கவலைக்குரியது இன்னொன்று. 490 கோடி சந்திப்புகள் திரட்டப்பட்ட அந்த 2014ஆம் ஆண்டு வரைபடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெண்ணொருவரின் இரத்தத்திலிருந்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் உருவானது. கணினி முறைகள் பலவும் அத்தகைய ஒரு சில உயிரணு வகைகளைக் கொண்டே பயின்றிருக்கின்றன. நம் நாட்டிலோ தத்தம் சமூகத்துக்குள்ளேயே நெடுங்காலம் மணவுறவு கொண்டுவந்த பல்லாயிரம் குழுக்கள் வாழ்கின்றன. அவர்களின் எழுத்து வேறுபாடுகளை அறிய 'ஜீனோம் இந்தியா' திட்டம் 10,000 பேரின் மரபுத்தொகுதிகளைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அது எழுத்துக்கான பணி. ஓர் எழுத்து வேறுபாடு மடிப்பில் என்ன செய்கிறது என்பதை நம் மக்களின் உயிரணுக்களிலேயே அறிய வேண்டிய பணி அதற்கடுத்தது. சென்னையில் இதற்கான கணித அறிவு இருக்கிறது என்பதை மேலே கண்டோம். அந்த அறிவும் மருத்துவமனையும் மலைச்சிற்றூரும் ஒன்றையொன்று சந்திக்கும் நாளில்தான் அதன் பயன் முழுமையாகும்.

அறிவின் படித்தரம்

உறுதியான அறிவை 'யகீன்' என்றும், மேலோங்கிய எண்ணத்தை 'ழன்' என்றும் பிரித்து, எதற்கு எது போதும் என்று வரையறுத்தவர்கள் நம் முன்னோர். அந்த அளவுகோலை இங்கும் வைத்துப் பார்க்கலாம். இரு துண்டுகள் சந்தித்தன என்பது பதிவான செய்தி. அவை இவ்வளவு தொலைவில் இருந்தன என்பது ஓர் அடுக்கு விதியை ஏற்றுக்கொண்டு பெற்ற மதிப்பீடு. முழு வடிவம் இதுதான் என்பது அம்மதிப்பீடுகள் பலவற்றின்மீது கட்டிய ஊகம். அச்சந்திப்பினால்தான் மரபணு பேசியது என்பதோ தனியே சோதித்து நிறுவ வேண்டிய கூற்று. குளோபின் மரபணுவில் அப்படிச் சோதித்து நிறுவப்பட்டது. ஆகவேதான் அதனை உறுதியோடு கூறுகிறோம்.

கணினி தீட்டித் தரும் பல வண்ணச் சுருள்களை இதழ்களிலும் திரைகளிலும் காணும்போது, அவற்றைப் புகைப்படமாகக் கொள்ளாமல், சாட்சிகளை எடைபோட்டு எழுதிய தீர்ப்பாகக் கொள்ள வேண்டும். தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. புதிய சாட்சி வந்தால் அது திருத்தப்படும். அவ்வாறு திருத்தப்படுவது அதன் குறையன்று. பீட்டா குளோபின் மரபணு சிதையாமல் இருந்தும் ஏன் பேசவில்லை என்று 1989இல் எழுந்த கேள்விக்கு, சந்திப்பைக் கண்டு, பிறகு அதனைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்த்து, 2012இல் உறுதியான விடை கண்டது அந்தப் பொறுமைதான். இன்று மருத்துவர் அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்று எழுதப்பட்டிருக்கும் எத்தனையோ குழந்தைகளின் நோய்க்கும், எழுத்தைத் தாண்டி மடிப்பைப் படிக்கும் அதே பொறுமையே விடை காண வேண்டும்.